“ரெட் போட்டா போதாதுக்கா, ஃபாலோ போடணும்!” - ஒரு சமுதாயக் கூடத்தில் நான் கற்ற பாடம்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘நெகிழ்ச்சி ஸ்டோரி’ என்றால் என்னவென்று தெரியும். காலையிலிருந்து விபத்து, கைது, அரசியல் சண்டை என்று ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தில், சாயங்காலம் ஒரு நல்ல செய்தி வேண்டும். படிப்பவர் ஒரு நிமிடம் நின்று, லேசாகக் கண் கலங்கி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஷேர் செய்ய வேண்டும்.

சில மாதங்களுக்கு முன்பு அப்படி ஒரு ஸ்டோரிக்கு என்னை அனுப்பினார்கள். வட சென்னையில் ஒரு சமுதாயக் கூடம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அங்கே தினமும் மாலையில் பாடம், கதை, ஓவியம், கேரம், செஸ் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் கிடையாது.

“அங்க ஒரு பொண்ணு சூப்பரா கேரம் ஆடுதாம். ‘அடுத்த காசிமா’ன்னு ஒரு ஆங்கிள் கிடைக்குதா பாரு. ஒரு நிமிஷ வீடியோ, நானூறு வார்த்தை போதும்” என்றார் சீனியர்.

காசிமாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற வட சென்னைப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருக்கு வெகுகாலம் முன்பே உலக சாம்பியனாகி, 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் சென்னைக்காரர்தான். எங்கள் பக்கத்தில் தெருமுனைக்கு ஒரு கேரம் போர்டும், அதைச் சுற்றி நாலு பேரும் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சர்யம். ஆகவே, ஆங்கிள் சரியாகத்தான் இருந்தது. தலைப்பை மனதில் எழுதிக்கொண்டே பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி 4.50. கூடம் பூட்டியிருந்தது. படிக்கட்டில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் யூனிஃபார்மிலேயே இருந்தார்கள். ஒருவன் ஷூவைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். சரியாக ஐந்து மணிக்கு ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

அவரைப் பிள்ளைகளைப் போலவே நானும் அக்கா என்றே சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், இரண்டு பிள்ளைகளின் அம்மா. பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்துக் கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது இல்லையா, அதில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலராகச் சேர்ந்தவர் இவர். தன் வீட்டு வாசலில் பாய் விரித்து ஆரம்பித்திருக்கிறார். வாசல் போதாமல் போனபோது, பகுதி இளைஞர்களும் சில கல்லூரி மாணவர்களும் சேர்ந்து இந்தக் கூடத்தின் மாடி அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கதவு திறந்ததும் நான் எதிர்பார்த்தது பாடம். நடந்தது வேறு. இருவர் துடைப்பம் எடுத்தார்கள். இருவர் பாய் விரித்தார்கள். ஒரு பெண் பிள்ளை நீள நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படிக்க ஆரம்பித்தாள். வந்தவர்களுக்கு ‘வ’. வராதவர்களுக்கு ‘ஆ’, அதாவது ஆப்சென்ட். சில பெயர்களுக்கு நேராக மட்டும் ‘லீ’.

“லீன்னா லீவு. சொல்லிட்டு வராம இருந்தா லீ. சொல்லாம வராம இருந்தா ஆ” என்று விளக்கினாள்.

“ரெண்டும் ஒண்ணுதானே?” என்று கேட்டேன்.

“எப்டிக்கா ஒண்ணாவும்?” என்றாள். நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டது போலப் பார்த்தாள்.

அதற்கடுத்துச் சுண்டல். “பாடத்துக்கு முன்னாடி இதுதான். மதியம் ஸ்கூல்ல சாப்ட்டது. அஞ்சு மணிக்கு வயிறு காய்ஞ்சிருக்கும். பசியோட உக்காந்தா ஏழாம் வாய்ப்பாடு எப்டி ஏறும்?” என்றார் அக்கா.

அது எனக்கு உடனே உறைத்தது. மதியச் சோற்றுக்கு 1982-ல் எம்.ஜி.ஆர் விரிவாக்கிய சத்துணவுத் திட்டம் இருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. காலையும் மதியமும் பள்ளியில் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். மணி அடித்துப் பள்ளி விட்டதிலிருந்து அம்மாவோ அப்பாவோ வேலை முடிந்து வருகிற வரைக்கும் இருக்கிற அந்த மூன்று மணி நேரத்துக்கு யார்?

நான் தேடி வந்த பெண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்த அறையில் சத்தமாகப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். ஏழாம் வகுப்பு. கேரம் போர்டுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். போரிக் பவுடர் தீர்ந்துவிட்டதால் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவியிருந்தார்கள். அறை முழுக்க வாசனை.

போனை ஸ்டாண்டில் வைத்து ரெக்கார்டு போட்டேன். முதல் பத்து நிமிடத்திலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. அவள் சுமாராகத்தான் ஆடுகிறாள். ஸ்ட்ரைக்கர் இரண்டு முறை போர்டைத் தாண்டிப் பறந்து என் பையில் விழுந்தது. அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த, வாயே திறக்காத பையன் அவளைவிட நன்றாக ஆடினான். ‘சூப்பரா ஆடுதாம்’ என்று சீனியருக்குச் சொன்னவர் ஆட்டத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால், பதினோராவது நிமிடத்தில் அது நடந்தது. மூலையை ஒட்டிக் கிடந்த ரெட்டைக் குறிபார்த்து அடித்தாள். கச்சிதமாகப் பாக்கெட்டில் விழுந்தது. அவளே எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் கத்தினார்கள். நானும் கைதட்டி, “செம! ரெட் போட்டுட்ட!” என்றேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. “ரெட் போட்டா போதாதுக்கா, ஃபாலோ போடணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த காயைப் பார்த்தாள்.

கேரம் தெரியாதவர்களுக்காக: ரெட்டைப் போட்டால் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட வேண்டும். அதுதான் ஃபாலோ. போடாவிட்டால் ரெட் உங்களுடையது இல்லை. எடுத்து மறுபடி நடுவில் வைத்துவிடுவார்கள்.

அவள் அடித்தாள். தவறிப்போனது. ரெட் நடுவுக்கு வந்தது. “போச்சுடா” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். “பெரிய ஆளானதும் என்ன ஆகணும்னு ஆசை?”

“தெரிலக்கா.”

“காசிமா மாதிரி வரணும்னு ஆசையில்லையா?”

“அதுக்கு டெய்லி மணிக்கணக்கா ஆடணும்க்கா. இங்க ஒரே ஒரு போர்டு. ஆளுக்கு ஒரு ஆட்டந்தான்.”

“அப்புறம் எதுக்கு டெய்லி வர்ற?”

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: “வூட்ல யாரும் இல்லக்கா.”

மைக்கை நீட்டிக்கொண்டிருந்த என் கை தானாக இறங்கியது. ஏனென்றால், அது என் பதில்.

நான் வளர்ந்தது வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில், மூன்றாவது மாடியில். அப்பா இல்லை. அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. பள்ளி நாலு பத்துக்கு விடும். அம்மா வர ஏழரை ஆகும். வீட்டுச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டிருப்பார். தண்ணீர் லாரி வந்தால் குடம் பிடிக்க வேண்டும். அரிசி களைந்து வைக்க வேண்டும். மற்றபடி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு வரை இதில் எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

ஒருநாள் மாலை படிக்கட்டுத் திருப்பத்தில் ஓர் ஆள் நின்றிருந்தார். தெரிந்த முகம்தான். “அம்மா இல்லையா பாப்பா?” என்றார். “இல்லை” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. பின்னாலேயே இரண்டு படி ஏறி வந்தார். நான் ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால், லைட்டைப் போட்டால் நான் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று, அம்மா வரும்வரை இருட்டிலேயே அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். “ஏன்டி லைட் போடல?” என்று கேட்டதற்கு, “கரன்ட் இல்லம்மா” என்று பொய் சொன்னேன். அம்மா வேலையை விட்டுவிட்டால் சோறு இல்லை என்பது அந்த வயதிலேயே தெரியும்.

அடுத்த சில வாரங்கள் நான் எப்படி இருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு இறுகும். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிளாக்குக்குக் கீழே இருந்த கூடத்தில் ஓர் அக்கா மாலை வகுப்பு ஆரம்பித்தார். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவர். ஐந்து மணிக்குக் கதவு திறக்கும். உள்ளே நுழையும்போது ஒவ்வொருவரையும் பார்த்து “வந்தியா?” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் போனேன்.

அங்கேதான் பத்திரிகை படித்தேன், அதனால்தான் பத்திரிகையாளர் ஆனேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. அங்கே போன பிறகும் கணக்கில் முப்பத்தெட்டு மார்க்தான் வாங்கினேன். ஓவியத்தில் யானை வரைந்தால் அக்கா “பன்னி நல்லா இருக்கு” என்பார். அந்த அறை எனக்குத் தந்தது திறமையையோ லட்சியத்தையோ அல்ல, பயம் இல்லாத இரண்டு மணி நேரத்தை. அந்தப் பயம் கூடவே இருந்திருந்தால் மற்ற எதற்கும் என் மனதில் இடம் இருந்திருக்காது.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் கதவு திறக்கவில்லை. முகூர்த்த நாளாக இருக்கும் என்று நினைத்தோம். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்றால் கூடத்தை வாடகைக்கு விட்டுவிடுவார்கள். அன்றைக்கு வகுப்பு கிடையாது, பிரியாணி வாசனை மட்டும்தான். ஆனால், அன்று பந்தலும் இல்லை, மைக் செட்டும் இல்லை. மறுநாளும் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவந்தோம். அக்காவுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் மீது தப்பே இல்லை. அவருக்கும் பிழைப்பு வேண்டும். ஆனால், எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

ஏதோ தப்பு செய்துவிட்டோம், அதனால்தான் அக்கா வரவில்லை என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதில் அப்படித்தான் தோன்றும்.

இதையெல்லாம் அந்தக் கேரம் பெண்ணிடம் சொல்லவில்லை. மணி ஏழு ஆனது. பாய் சுருட்டினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பது அங்கே விதி. கிளம்பும்போது அவள் கேட்டாள், “அக்கா, நாளைக்கு வருவீங்களா?”

“வர்றேன்டா” என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். வேலைக்காகப் போகிற இடத்தில் எல்லாம் அப்படித்தான் சொல்வோம். “போய்ட்டு வர்றேன்” என்பதில்கூட அந்த ‘வர்றேன்’ இருக்கிறது, யாரும் அதைக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

கேட்டைப் பூட்டிக்கொண்டே அக்கா மெல்லச் சொன்னார். “தப்பா எடுத்துக்காதம்மா. போட்டோ எடுக்க வர்றவங்க, பொறந்தநாளுக்கு கேக் வெட்ட வர்றவங்க, காலேஜ் புராஜெக்ட்டுக்கு வர்றவங்க, எல்லாருமே ‘மறுபடி வர்றோம்’னுட்டுத்தான் போறாங்க. அப்புறம் ஒரு மாசத்துக்குப் புள்ளைங்க எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கும். எனக்குத்தான் பதில் சொல்ல முடியாது.”

பஸ்ஸில் உட்கார்ந்து வீடியோவை எடிட் செய்ய ஆரம்பித்தேன். ரெட் விழுகிற அந்த ஏழு விநாடி அருமையாக வந்திருந்தது. காய் விழுகிற சத்தம், பிள்ளைகளின் கூச்சல், அவள் முகம். அந்த இடத்தில் நறுக்கிவிட்டு, மேலே ‘அடுத்த காசிமா?’ என்று போட்டால் போதும். லட்சம் வியூஸ் நிச்சயம். நடக்காத எதையும் நான் காட்டப்போவதில்லை, நடந்ததில் பாதியை மட்டும் காட்டப்போகிறேன்.

பிறகு? யாராவது அவளைத் தேடி வருவார்கள். ஆடிக் காட்டச் சொல்வார்கள். ஸ்ட்ரைக்கர் பறக்கும். எந்தத் தப்பும் செய்யாத ஒரு பிள்ளை, எல்லாரையும் ஏமாற்றிவிட்டது போல நிற்கும். இன்னொரு பக்கம், வாய் திறக்காமல் நன்றாக ஆடுகிற அந்தப் பையன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். உலகக் கோப்பை வென்றவரின் பெயரைச் சும்மா ஒரு தலைப்புக்காக இன்னொரு பிள்ளையின் தோளில் ஏற்றுவது, வென்றவருக்கும் மரியாதை இல்லை.

ஃபாலோ தவறுகிற இடத்தையும், “போச்சுடா” என்று அவள் சிரிப்பதையும் சேர்த்தே எடிட் செய்தேன். அக்காவிடமும் அவள் அம்மாவிடமும் போனில் கேட்டுவிட்டுத்தான் பதிவேற்றினேன். தலைப்பில் ‘அடுத்த’ எதுவும் இல்லை. சீனியர் பார்த்துவிட்டு, “ரெட்டோட கட் பண்ணியிருக்கலாமே?” என்றார். காரணம் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, போட்டுடு” என்றார். வியூஸ் சுமார்தான். அன்று முதலிடத்தில் இருந்தது ஒரு நடிகையின் சமையலறை டூர்.

மறுநாள் மாலை ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு மறுபடி போனேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்ற குற்ற உணர்ச்சியில்தான் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் தெரிந்தது சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஆச்சர்யம். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்றைக்கு அக்காவிடம் உட்கார்ந்து பேசினேன். தினமும் வர என்னால் முடியாது. சனிக்கிழமை மாலை மட்டும் முடியும். அதை மட்டும் சொல்கிறேன் என்றேன். “அது போதும்மா. முடியாததச் சொல்லாம இருந்தா அதுவே பெரிய உதவி” என்றார். இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு சேர்ந்து சார்ட் பேப்பரில் ஒரு சுவர்ப் பத்திரிகை போடுகிறோம். போன இதழின் தலைப்புச் செய்தி, ‘மூன்றாவது பிளாக்கில் நாய்க்குட்டி ஐந்து’.

உங்கள் பகுதியிலும் இப்படி ஒரு மாலை வகுப்பு நடந்துகொண்டிருக்கலாம். உங்கள் பிள்ளையை அனுப்புவதாக இருந்தால், மார்க் ஏறுமா என்று கேட்பதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். வருகைப் பதிவு இருக்கிறதா? வகுப்பு முடிந்ததும் பிள்ளையை வீட்டில் விடுவது யார்? கழிப்பறை, விளக்கு வசதி உண்டா? பொறுப்பாளரின் போன் நம்பர் உங்களிடமும், உங்கள் நம்பர் அவரிடமும் இருக்கிறதா? கூடத்தில் கல்யாணம் என்றால் அன்று பிள்ளைகள் எங்கே போவார்கள்?

உதவ நினைப்பவராக இருந்தால், பிறந்தநாள் கேக்கைவிட மாதம் ஒரு மூட்டை கொண்டைக்கடலை பெரிது. அதைவிட, வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம், தவறாமல். முடியாத அன்று முன்கூட்டியே ஒரு போன். பிள்ளைகளைப் படம் எடுப்பதாக இருந்தால், அவர்களையும் பெற்றோரையும் கேட்டுவிட்டு எடுங்கள். இதை நானே இப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை என்னால் போக முடியவில்லை. அலுவலகத்தில் அவசர வேலை. வெள்ளிக்கிழமையே அக்காவுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பிள்ளைகளிடம் நானே சொன்னேன். “சரிக்கா” என்று கோரஸாக ஒரு குரல்.

அடுத்த வாரம் போனபோது நீள நோட்டு திறந்து கிடந்தது. சும்மா புரட்டினேன். பட்டியலின் கடைசியில், எல்லாப் பிள்ளைகளின் பெயர்களுக்கும் கீழே, கோணல்மாணலாக என் பெயரை எழுதி வைத்திருந்தாள் அந்தக் கேரம் பெண். நான் வந்த சனிக்கிழமைகளுக்கு நேராக ‘வ’. போன சனிக்கிழமைக்கு நேராக ஒரு ‘லீ’.

‘ஆ’ இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு இப்போது தெரியும்.